இருநூற்றைம்பது வாட் பத்தாது

எட்டு மாதம், சனிக்கிழமை தவறாமல் வந்தார். அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடச் சரியான பிராசஸரைச் சரியான போர்டோடு சேர்த்து அவர் எழுதிக்கொண்டு வந்ததில்லை. ஒன்றுமே தெரியாதவர்கள் எத்தனையோ பேர் கடைக்கு வருவார்கள். குருட்டாம்போக்கில் எழுதினால்கூட அவர்களுக்கு ஒருநாள் சரியாக அமைந்துவிடும். இவருக்கு அமையவே அமையாது. பிராசஸர் செய்வது ரெண்டு கம்பெனிதான், ஒருத்தருடையது மற்றவருக்கான போர்டில் உட்காராது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். நன்றாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடி மாற்றி எழுதிக்கொண்டு வந்து, "இது செரியாம்மா?" என்றார். கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி. கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் முறிந்ததற்கும் அதுதான் காரணம் என்று என் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உளுந்தூர்பேட்டையில் அம்மா வீடு இருக்கிறது. அங்கே போனால் வருகிறவர் போகிறவர் எல்லாம் விசாரிப்பார்கள் என்பதால் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தேன். வேலை, சேலம் ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில். முதலாளி கேமரா மாட்டுகிற வேலைக்கு ஊர் ஊராகப் போய்விடுவார். விற்பது, கழற்றுவது, பூட்டுவது எல்லாம் நான்தான். நான் போடுகிற பட்டியலில் தப்பு வராது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்த ஊரில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். செருப்பை மாடிப்படியிலேயே கழற்றிவிட்டு வருவார். நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். யு.பி.எஸ். வந்த அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது, அதன்மேல்தான் உட்கார்வார். கரண்ட் ஆபீசில் வேலை, மலைப் பக்கம் என்று சொல்லியிருந்தார். பில் எழுதுகிறவர் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். சீத்தாப்பழக் காலத்தில் ஒரு துணிப்பையில் பழம் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். "மலையில சும்மா கெடக்குது, துன்னும்மா" என்பார். ரூமுக்கு எடுத்துப்போய் நான் ஒருத்தி எத்தனை தின்பது? பாதி கறுத்துப்போகும்.

முதல்நாள் அவர் கொண்டுவந்தது ஒரு கோடுபோட்ட நோட்டுத்தாள். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. உருண்டையான கையெழுத்தில் ஒரு பட்டியல். பிராசஸர், போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினட் என்று வரிசையாக, ஒரு தப்பு இல்லாமல், கம்மி விலையில் முதல்முதலாக கேம் ஆடுவதற்கு ஒருவர் வாங்குகிற கம்ப்யூட்டர். ஆனால் எல்லாம் பத்து வருஷத்துக்கு முந்தைய சாமான். மேலே தலைப்பு போட்டிருந்தது: 'அப்பா சரின்னு சொன்னா வாங்க வேண்டியது.'

"சார், இதெல்லாம் இப்ப மியூசியத்துலதான் கெடைக்கும்" என்றேன்.

"எம்பொண்ணும் அதத்தாம்மா சொல்லுது" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். பழசாகிப்போனதில் இந்த மனிதருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. பெண் காலேஜில் படிக்கிறாள் போலிருக்கிறது, அவளுக்குத்தான் வாங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது. ஒரு வாரம், நாலாம் தலைமுறை ரேம் போடும் போர்டுக்கு மூன்றாம் தலைமுறை ரேம். ஒரு வாரம், லேப்டாப்புக்குப் போடுகிற குட்டி ரேம். ஒரு வாரம், செலவு கம்மி பண்ணுகிறேன் என்று கிராபிக்ஸ் கார்டையே அடித்துவிட்டு வந்தார். அவர் எழுதிய பிராசஸரில் படம் காட்டும் வசதியே கிடையாது. "சார், இத பூட்டி ஆன் பண்ணா ஃபேன் சுத்தும். ஸ்கிரீன் இருட்டா இருக்கும். இருட்டுலதான் கேம் ஆடணும்" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியலை அப்படியே ஒரு கொட்டேஷன் தாளில் எழுதித் தரச் சொல்வார். தப்பு சார், இப்படி எழுதமாட்டேன் என்பேன். "நீ எழுதும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். கையெழுத்தோ சீலோ போடாமல் எழுதிக் கொடுத்தால் அதை போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்புவார். பிறகு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார். டிங் என்று சத்தம் வரும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பார், இன்னொரு தடவை படிப்பார். "வரேம்மா" என்று எழுந்து போய்விடுவார். ஒரு மவுஸ்கூட வாங்காமல்!

மூன்று வாரம் பவர் சப்ளைக்காக மட்டும் சண்டை போட்டோம். எல்லாச் சாமானுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அவர் எழுதிய கார்டுக்கும் பிராசஸருக்கும் நானூற்றைம்பது வாட்டாவது வேண்டும். இவர் இருநூற்றைம்பது போதும் என்று நின்றார்.

"பத்தாது சார்."

"பத்தும்மா. வூட்ல அவ்ளோ பெரிய பல்பே இல்ல."

"பல்பும் இதுவும் ஒண்ணா? ஆன் பண்ணினா பொசுக்குன்னு அணைஞ்சிடும் சார்!"

"நீ இருநூத்தம்பதுன்னே போடு."

மூன்றாவது வாரம் எனக்கு வந்ததே ஒரு கோபம். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர் கொண்டுவந்த தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு புது கொட்டேஷன் தாளை எடுத்தேன். ஒவ்வொரு சாமானாக, எதோடு எது சேரும் என்று பார்த்து, நீளம் அகலம் உயரம்கூடச் சரிபார்த்து முழுப் பட்டியலையும் நானே போட்டேன். கீழே கையெழுத்து, கடை சீல். "இதுல ஒரு தப்பு இருந்தா நான் இந்த வேலைய விட்டுடறேன். அனுப்புங்க, யாருக்கு அனுப்பணுமோ" என்றேன்.

தாளை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாமே செரியா இருக்குதாம்மா?" என்றார். எல்லாமே சரி என்றேன். அனுப்பினார். டிங். பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல "வரேம்மா"கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதே தாள், அதே சீல். "இதுல எதுனா மாத்தணுமா?" என்று கேட்டார். மாற்றவேண்டாம், வாங்கவேண்டியதுதான் பாக்கி என்றேன். அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. போன் சத்தம் போடவில்லை. ஐந்து வாரம் இப்படி ஓடியது. எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. வாங்கவும் மாட்டேன் என்கிறார், வராமலும் இருக்கமாட்டேன் என்கிறார், என்ன ஜென்மம் இது என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம் நல்ல வெயில். கீழே செருப்புக் கடைக்காரர் புதிதாக ஏசி மாட்டியதிலிருந்து எங்கள் கட்டடத்தில் மெயின் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்குக் காலையிலேயே மூன்று தடவை. நான்காவது தடவை விழுந்ததும் நான் வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தேன். அவர் எழுந்து, மாடிப்படியில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். இத்தனை மாதம் நான் பேனா என்று நினைத்திருந்ததைச் சட்டைப்பையிலிருந்து உருவினார். அது டெஸ்டர்.

"கீழ ஏசி ஒரு ரெண்டாயிரம். உங்க கட ஜெராக்ஸு ஆயிரத்தி முந்நூறு. இந்த நாலு கம்ப்யூட்டரும் சேத்து ஒரு எண்ணூறு. தண்ணி மோட்டாரு எழுநூத்தம்பது" என்று பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "இருவத்தோரு ஆம்பியரு ஆச்சா? இது பதினாறு தாங்கறது. எல்லாத்தையும் ஒரே பேஸ்ல குந்த வெச்சிக்கினா இன்னா பண்ணும், பாவம்? வுழத்தான் வுழும்."

பத்து நிமிஷத்தில் ஏசியைத் தனியாகப் பிரித்து வேறு பேஸில் மாற்றிவிட்டார். கை ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. லைட் எரிந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், நீங்க கரண்ட் ஆபீசுல என்ன வேலை?"

"லைன்மேன். முப்பது வருசமா மலை லைன்தான்."

"வாயாலயே லோடு கணக்கு போடறீங்க. அப்ப இருநூத்தம்பது வாட் போதும்னு மூணு வாரம் என் உயிரை வாங்கினீங்களே, அது என்ன?"

டெஸ்டரைப் பையில் செருகினார். எடுத்து, மறுபடி செருகினார். அட்டைப்பெட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டு, போனைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அவர் மகள். ஐதராபாத்தில் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டவள். "நம்ம ஆளுங்க இல்லம்மா. பண்ணிக்கினு போன் பண்ணா. எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு சொல்லி வெச்சிட்டேன். அவங்கம்மா உயிரோட இருந்திருந்தா எதுனா சொல்லி சேத்து வெச்சிருப்பா" என்றார். அதற்குப் பிறகு நாலு வருஷம் பேச்சு இல்லை. பீரோவைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டுத்தாள் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி அவரிடம் நீட்டியது. பொட்டப் புள்ளைக்கு எதுக்கு கேமு என்று அன்றைக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். அவர் மனைவி எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள் போலிருக்கிறது. அதைப் படம் எடுத்து, ஒரு சொல் எழுதாமல் மகளுக்கு அனுப்பியிருக்கிறார். 'இதெல்லாம் இப்ப கிடைக்காது. பழசு' என்று பதில் வந்திருக்கிறது.

நான் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். 'அந்த போர்டுல இது உட்காராது.' 'இருநூத்தம்பது பத்தாது. நானூத்தம்பது போடச் சொல்லுங்க.' 'ஐயோ, அது லேப்டாப் ரேம்.'

"ஐயோன்னு போட்டுக்கிறா பாரும்மா" என்று அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

நடுவில் ஒரு இடத்தில் அவர், 'சாப்டியாம்மா' என்று கேட்டிருந்தார். படித்துவிட்டதற்கு நீலக் கோடு விழுந்திருந்தது. பதில் இல்லை. நாலு நாள் கழித்து அவர் தப்பான ரேம் பெயர் ஒன்றை எழுத, ரெண்டு நிமிஷத்தில் பதில். ஒரே ஒரு சாமானை மட்டும் சரியாக எழுதி அனுப்பிய நாட்களில் வெறும் கட்டைவிரல். கடைசியாக என் கொட்டேஷன். சீல் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். அதோடு சரி, ஐந்து வாரமாக ஒன்றும் இல்லை.

"செரியா சொன்னா வெரலக் காட்டிட்டுப் பூட்றாம்மா. தப்பா சொன்னாத்தான் பேசுது" என்றார். "மலையில எங்கயும் டவர் எடுக்காது. கரியாலூருக்கு முன்னாடி ஒரு வளைவுல மட்டும் எடுக்கும். தெனம் அங்க வண்டிய நிறுத்திப் பாத்துக்கினு போறேன்."

மலை வளைவில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு இந்த மனிதர் ஐந்து வாரமாக நின்றிருக்கிறார். ஒரு சொல் வந்துவிடாதா என்று. வராமல் செய்தது நான். என் திமிர். அழுகை வந்தது, அவர் முன்னால் அழக்கூடாது என்று கொட்டேஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

புதுத்தாளில், முப்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டு ஒன்றை எழுதினேன். அதற்கு, இருபத்தெட்டு சென்டிமீட்டருக்குமேல் எதுவும் நுழையாத ஒரு கேபினட்டை எழுதினேன். கையெழுத்து போட்டேன். சீலை நன்றாக அழுத்திக் குத்தினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, கார்டு நீட்டமா இருக்குதே" என்றார்.

"தெரியும் சார். அனுப்புங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அனுப்பினார்.

டிங் வரவில்லை. அதற்குப் பதில் கடை செல்போன் அடித்தது. கொட்டேஷன் தாளில் கடை நம்பர் இருக்கிறதே, அதை நான் யோசிக்கவில்லை.

"கொட்டேஷன்ல சைன் போட்டது யாருங்க?" ஒரு பெண் குரல், நெருப்பு மாதிரி. நான்தான் என்றேன். "முப்பத்திரெண்ட இருவத்தெட்டுல எப்டிங்க நுழைப்பீங்க? அறுத்தா? வயசானவரு வந்தா இன்னா வேணா தலையில கட்டிடலாமா? அவரு தெனமும் கம்பத்துல ஏறி சம்பாதிச்ச காசுங்க அது!"

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். கதவு வழியாகப் பார்த்தால், நாலடி தூரத்தில் அவர் தன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கதான் இருக்காரு. கொடுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்" என்றாள். பிறகு, "எளைச்சிக்கிறாரா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன். அதற்குமேல் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, அவரு வேணும்னேதான் தப்பு தப்பா எழுதி அனுப்பறாரு."

"தெரியும்க்கா. ஆம்பியர் கணக்கு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதான். இருநூத்தம்பது பத்தாதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா? அப்ப நேராப் பேசினா என்ன?"

"இன்னாத்த பேசறது? எத எடுத்தாலும் அன்னிக்கி சொன்ன பேச்சுலதான் போய் நிக்கும். இது ஒண்ணுலதான்க்கா சண்டை வரல." "எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க. வெக்கப்பட்டுக்கினு நிறுத்திடுவாரு."

வைத்துவிட்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதற்கும் அவர் போன் டிங் என்பதற்கும் சரியாக இருந்தது. படித்தார். இன்னொரு தடவை படித்தார். என்னிடம் எடுத்துவந்து காட்டினார். 'அந்தக் கடைக்காரிக்கு அறிவே இல்லப்பா. வேற கேபினட் பாருங்க.'

"ஒன்னத் திட்டிட்டாம்மா" என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா, சந்தோஷப்படுகிறாரா என்று சொல்லமுடியாத முகம். "அப்பான்னு போட்டுக்கிறா, பாத்தியா?"

பார்த்தேன். அறிவில்லாதவள் என்று என்னை யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும்தான் அது இனித்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் ரெண்டு பேருமாக உட்கார்ந்து தப்பு கண்டுபிடித்தோம். புதுசு புதுசாக, நம்பும்படியான தப்பாக இருக்கவேண்டும். சரியான பட்டியல் போடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாளி கேட்டால், "அவர் யோசிக்கிறாரு சார்" என்பேன். என்னால் கடைக்குக் கெட்ட பேர். ஐதராபாத்தில் ஒரே ஒருத்தியிடம்தானே, போகட்டும். அவர் போன பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ரூமுக்கு நடப்பேன். திட்டுவதற்காவது ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம் என்று அந்த நடையில் தோன்றும்.

ஜனங்கள் போனிலேயே ஆர்டர் போட ஆரம்பித்தபிறகு முதலாளி கடையை மூடிவிட்டார். நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு வந்துவிட்டேன். கிளம்புகிற வாரம் அவரிடம் சொன்னபோது, "அப்ப இனிமே யாரு எனுக்கு எழுதித் தருவா?" என்று மட்டும் கேட்டார். அதுவரைக்கும் அவர் எதையும் வாங்கியிருக்கவில்லை. மகள் வந்து போனாளா, ஐதராபாத்துக்கு இவர் போனாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இங்கே மூன்றாம் மாடியில் ஒரு ரூம். ஆபீசில் எல்லாரும் நல்லவர்கள்தான். எதாவது அனுப்பினால் கட்டைவிரல் வரும். அம்மாவுக்கு, சாப்பிட்டேன் என்று அனுப்பினால் அவளும் இப்போது கட்டைவிரல் காட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து என் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே வராது. வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கினவள் நான்!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் நம்பரைத் தேடி எடுத்தேன். 'எப்படி இருக்கீங்க சார்' என்று எழுதினேன். அதற்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அழித்துவிட்டேன். யோசித்து, வேறு எழுதினேன். 'சார், தண்ணி காயவைக்க ஹீட்டர் வாங்கியிருக்கேன். ரெண்டாயிரம் வாட். ஃபேன் பாயிண்ட்ல இருந்து வயர் இழுத்துப் போட்டுக்கலாமா?' சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு அது. அனுப்பினேன். ஹீட்டர் கீட்டர் எதுவும் நான் வாங்கவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நீலக் கோடு விழுந்தது. பதில் எழுதுகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

எடுத்தேன். முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது, ஹோவென்று. அந்த வளைவில் நிற்கிறார் என்று தெரிந்தது. நான் சார் என்றேன். ஹீட்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏம்மா," என்றார். "அங்க பேசறதுக்கு யாருமே இல்லியா?"